கோடைக்கானல் சூரியனுக்குப் பதிப்பு எண்

மென்பொருளுக்குக் கையேடு எழுதுவது என் பிழைப்பு. பழைய சூரியப் படங்களைத் திறந்து, நிமிர்த்தி, அளந்து தரும் ஒரு சிறிய திறந்தமூல நிரலின் ஆவணத் தளத்தைக் கோடைக்கானல் நாயுடுபுரத்து வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்கிறேன். நிரலில் புதிய வெளியீடு வரும்போதெல்லாம் அதற்கென்று ஒரு கையேடு தளத்தில் ஏறும். முந்தைய வெளியீட்டின் கையேடு தன் பழைய முகவரியிலேயே இருக்கும். புதுசு வந்த பிறகு பழசை எதற்குக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் கணினித் துறையிலிருந்து பதில் சொல்வதில்லை. எங்கள் மேட்டில் நிற்கும் வானாய்வகத்தின் கதையைத்தான் சொல்வேன்.

அந்தக் கதை பஞ்சத்தில் பிறந்தது. 1876 முதல் 1878 வரை மதராஸ் மாகாணத்தைத் தின்ற தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, மழை ஏன் பொய்த்தது என்ற கேள்வி ஆட்சியாளர்களை விடவில்லை. சூரியப்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறைவது அப்போதே தெரிந்திருந்தது. அதற்கும் பருவமழைக்கும் தொடர்பு இருந்தால் அடுத்த வறட்சியை முன்கூட்டியே அறியலாம் என்று நம்பினார்கள். அதற்குச் சூரியனை நாள் தவறாமல் பார்க்க ஓர் இடம் வேண்டும். நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் இயங்கிவந்த மதராஸ் வானாய்வகம் அதற்குத் தோதான இடமில்லை. வானியலாளர் சார்லஸ் மிச்சி ஸ்மித் நீலகிரியையும் பழனி மலையையும் அலசிப் பார்த்துக் கோடைக்கானலைச் சொன்னார். 1895-இல் ஆளுநர் வென்லாக் பிரபு அடிக்கல் நாட்டினார். 1899-இல் கருவிகள் மலையேறின. கடல்மட்டத்திலிருந்து 2,343 மீட்டர் உயரத்தில், 1901-இல் சூரிய நோக்கல் தொடங்கியது.

பஞ்சத்தை முன்னறிவிக்கும் அந்தக் கனவு, நம்பிய அளவுக்குக் கைகூடவில்லை. ஆனால் அதற்காகத் தொடங்கிய பழக்கம் நின்றுவிடவில்லை. 1904-இலிருந்து வெள்ளொளியில் சூரியனைக் கண்ணாடித் தட்டில் படமெடுத்தார்கள். அதே காலத்தில் கால்சியம் அணுவின் கே கோட்டில், அதாவது 393.37 நானோமீட்டர் ஊதா ஒளியில், இன்னொரு படவரிசை தொடங்கியது. 1912 வாக்கில் ஹைட்ரஜனின் சிவப்பு ஒளியில் மூன்றாவது வரிசை சேர்ந்தது. ஒரே நாளில் ஒரே சூரியனுக்கு மூன்று முகங்கள். வெள்ளொளியில் கரும்புள்ளிகள் தெரியும். கால்சியம் ஒளியில் புள்ளிகளைச் சுற்றியுள்ள ஒளித்திட்டுகள் தெரியும். ஹைட்ரஜன் ஒளியில் நூலிழை போன்ற வாயுத் திரள்கள் தெரியும். பின்னிரண்டையும் எடுத்த கருவிக்கு ஸ்பெக்ட்ரோஹீலியோகிராஃப் என்று பெயர். சூரிய வட்டத்தை ஒரு குறுகிய பிளவு வழியே கீற்றுக் கீற்றாக நகர்த்தி, வேண்டிய ஒரு நிறத்தை மட்டும் தட்டில் விழவைத்து, முழு வட்டத்தையும் கட்டி எழுப்பும் கருவி அது. இவற்றோடு, பார்த்ததை அன்றன்றே கட்டமிட்ட தாளில் வண்ண மைகளால் வரைந்து வைத்த வரைபடங்களும் உண்டு.

1907-இல் வானியலாளர் ஜான் எவர்ஷெட் வந்து சேர்ந்தார். 1909 ஜனவரி 5 அன்று, ஒரு சூரியப்புள்ளியின் மங்கலான வெளி வளையத்தில் நிறமாலைக் கோடுகள் பக்கவாட்டில் விலகி நிற்பதைக் கண்டார். வாயு புள்ளியிலிருந்து வெளிநோக்கிப் பாய்கிறது என்பதே அதன் பொருள். இன்று எவர்ஷெட் விளைவு என்று உலகம் சொல்வது அதைத்தான். அது முதலில் வெளியானது கோடைக்கானல் வானாய்வக அறிக்கையின் 15-ஆம் எண்ணில். கண்டுபிடிப்பைப் பாராட்டுகிறவர்கள் அந்த எண்ணைக் கவனிப்பதில்லை. எனக்கோ அது பெரிய விஷயம். எண்ணிட்டு வெளியிட்ட அறிக்கையை எடுத்து, வரியை அழித்து, மறுபடி எழுதி, அதே எண்ணில் யாரும் வைத்துவிட முடியாது. சொன்னதைத் திருத்த வேண்டுமென்றால் அடுத்த எண்ணில் திருத்த வேண்டும். இரண்டும் நூலகத் தட்டில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். எப்போது எதை எப்படி அறிந்திருந்தார்கள் என்பது அழியாது. கணினி வந்த பிறகு நாம் இழந்து, மெனக்கெட்டு மறுபடி கட்டிக்கொண்ட ஒழுங்கு இதுதான்.

இனி கடிகாரத்துக்கு வருகிறேன். பழைய தட்டுகளோடு வேலை செய்கிறவருக்கு முதல் தலைவலி அதுதான்.

கால்சியம் படங்களுக்குச் சூரிய ஒளியை உள்ளே அனுப்பியது சைடரோஸ்டாட் என்னும் நகரும் கண்ணாடி. சூரியன் வானில் நகர நகர, கண்ணாடியும் திரும்பி, ஒளியை ஒரே திசையில் செலுத்திக்கொண்டிருக்கும். வசதிதான். ஆனால் அதில் விழும் சூரிய வட்டம் தன் மையத்தைச் சுற்றி மெல்லச் சுழன்றபடியே இருக்கும். காலை 8 மணித் தட்டில் வடக்கு இருந்த இடத்தில் 10 மணித் தட்டில் வடக்கு இருக்காது. இது போதாதென்று சூரியனின் அச்சு நம் பார்வைக்கு ஆண்டு முழுக்க இருபுறமும் 26 பாகை வரை சாய்ந்து சாய்ந்து நிமிரும். ஆகவே படம் எடுத்த தேதியும் நேரமும் சரியாகத் தெரிந்தால்தான் வடக்கைக் கண்டுபிடிக்க முடியும். வடக்கு தெரியாவிட்டால் ஒளித்திட்டு சூரியனின் எந்த அட்சரேகையில் இருந்தது என்று சொல்ல முடியாது.

அந்த நேரமோ கையால் எழுதி வைத்தது. யாருடைய நேரம்? 1906 ஜனவரி 1-ஆம் தேதிதான் இந்தியத் திட்ட நேரம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் தென்னாட்டு ரயிலும் தந்தியும் நடந்தது மதராஸ் நேரத்தில். அது திட்ட நேரத்துக்கு ஏறத்தாழ 9 நிமிடம் பின்தங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 செப்டம்பரிலிருந்து 1945 அக்டோபர் வரை, நாடெங்கும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். எனவே 'காலை 8.20' என்று ஒரு தாளில் பார்த்ததும் எந்த ஆண்டின் 8.20, எந்தக் கடிகாரத்தின் 8.20 என்று கேட்டாக வேண்டும். இப்படிப்பட்ட மாற்றங்களையெல்லாம் ஊர்வாரியாகக் குறித்து வைக்கும் நேரமண்டலத் தரவுத்தளம் ஒன்றை ஆர்தர் டேவிட் ஓல்சன் 1980-களில் தொடங்கினார். இன்று உங்கள் கைப்பேசிக்குள்ளும் அது இருக்கிறது. ஆண்டும் எழுத்துமாக, 2024ஏ, 2024பி என்று அது பதிப்பு போட்டு வருகிறது. எங்கேனும் ஓர் அரசாங்கம் நேரத்தை மாற்றினாலோ, பழைய கால மாற்றத்துக்குப் புதிய சான்று கிடைத்தாலோ அடுத்த பதிப்பு வரும். கடந்த காலத்துக்கும் திருத்தப் பதிப்பு உண்டு என்று நான் முதலில் உணர்ந்தது அதைப் பார்த்துத்தான்.

தட்டுகளைக் கணினிக்குள் கொண்டுவந்த வேலையும் ஒரே மூச்சில் முடியவில்லை. கால்சியம் தட்டுகளை இரண்டு முறை எண்ணாக்கினார்கள். முதல் முறை 8 பிட். தட்டின் கருமைக்கும் வெண்மைக்கும் நடுவே 256 படிகள்தான். இரண்டாம் முறை 4096-க்கு 4096 புள்ளிகள் கொண்ட கேமராவில் 16 பிட். 65,536 படிகள். 1904 முதல் 2007 வரையிலான அந்தப் புதிய தொடரைப் பழையதோடு ஒப்பிட்டு 2019-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. புதியதில் நுணுக்கம் கூடுதல், படங்களும் அதிகம் என்று அது சொன்னது. பழையது வீணா என்றால் இல்லை. அதை வைத்து ஆண்டுக்கணக்கில் ஆய்வுகள் வெளிவந்துவிட்டன. அந்த ஆய்வுகளின் எண்களைச் சரிபார்க்க வேண்டுமானால் 8 பிட் தொடரும், அதை அப்போது எப்படிக் கையாண்டார்கள் என்ற குறிப்பும் வேண்டும். புதியதை வைத்துப் பழைய ஆய்வைச் சோதித்தால் எண்கள் ஒட்டாது. தப்பு ஆய்வாளர் மேல் வந்து விழும்.

வெள்ளொளிப் படங்களின் கதை இன்னும் அழுத்தமானது. சுதீப் மண்டலும் சக ஆய்வாளர்களும் 2017-இல் ஒரு சூரியப்புள்ளிப் பட்டியலை வெளியிட்டார்கள். 1921 முதல் 2011 வரை, எந்த நாளில் எந்தப் புள்ளி எங்கே இருந்தது, எவ்வளவு பெரிது என்ற கணக்கு. 2022-இல் பிபூதி குமார் ஜா தலைமையில் அதே பட்டியலின் விரிந்த வடிவம் வந்தது. முன்புறம் 1904 வரைக்கும் பின்புறம் 2017 வரைக்கும் நீண்டது அது. நீட்டியதோடு நிற்கவில்லை. முன்பு சேர்க்க முடியாமல் விட்டிருந்த தட்டுகளை மறுபடி சீர்செய்து, நடு ஆண்டுகளில் இருந்த இடைவெளிகளையும் நிரப்பினார்கள். கவனியுங்கள். 1950-ஐ எடுத்துக்கொண்டால், அந்த ஆண்டு சூரியன் செய்தது செய்ததுதான், மாறப்போவதில்லை. ஆனால் 2017-இன் பட்டியலும் 2022-இன் பட்டியலும் அந்த ஆண்டைப் பற்றி ஒரே மாதிரி பேசும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. கோடைக்கானல் பட்டியல் என்று மட்டும் எழுதிவிட்டு எந்த ஆண்டுப் பட்டியல் என்று எழுதாதவர், படிப்பவரை நடுக்காட்டில் விடுகிறார்.

1904 முதல் 1921 வரையிலான படங்கள் பலவற்றில் எது வடக்கு என்று தெரியவில்லை. திசை தாறுமாறாக இருந்தது. அதைச் சரிசெய்யக் கிரீனிச் அரச வானாய்வகம் அதே நாள்களில் எழுதி வைத்த புள்ளிக் கணக்கோடு ஒப்பிட்டார்கள். இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே நெகிழ்ச்சியாக இருந்தது. ஏனென்றால் 1874 முதல் 1976 வரை நீண்ட அந்தக் கிரீனிச் தொடரில், லண்டன் வானம் மூடிக்கிடந்த நாள்களை நிரப்பியவை டேராடூன், மொரீஷியஸ், கேப் முதலிய இடங்களோடு கோடைக்கானலிலிருந்தும் போன தட்டுகள். அன்று அவர்களுடைய ஓட்டையை நாம் அடைத்தோம். நூறாண்டு கழித்து அவர்களுடைய ஏடு நம்முடைய வடக்கைக் காட்டியது. இரண்டு இடத்திலும் யாரோ ஒருவர் பழைய ஏட்டைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததால்தான் இது நடந்தது.

உலகக் கணக்கிலும் இப்படி ஒன்று நடந்தது. சூரியப்புள்ளி எண் என்று 19-ஆம் நூற்றாண்டில் ருடால்ஃப் வுல்ஃப் தொடங்கிய தொடரை இப்போது பிரஸ்ஸல்ஸில் உள்ள ஒரு மையம் பராமரிக்கிறது. 2015 ஜூலை 1 அன்று அதன் பதிப்பு 2.0 வெளியானது. சூரிச் காலத்திலிருந்து எண்களை 0.6-ஆல் பெருக்கும் மரபு ஒன்று இருந்தது. அதை விட்டுவிட்டார்கள். எனவே நேற்று வரை 60 என்று இருந்தது இன்று 100-ஐ ஒட்டி நிற்கும். சூரியன் திடீரென்று கொந்தளித்துவிட்டதோ என்று நினைக்கத் தோன்றும். அவர்கள் பழைய தொடரையும் தனியே பார்வைக்கு வைத்தார்கள், என்ன மாறியது, ஏன் மாறியது என்றும் எழுதி வைத்தார்கள். அதனால் குழப்பம் வரவில்லை. இதைவிட நல்ல பாடப்புத்தகம் என் தொழிலுக்கு இல்லை.

நிரல் உலகம் இந்த ஒழுங்குக்கு வந்து சேர்ந்த கதை அண்மைக்காலத்தது. பைத்தான் மொழியின் கையேட்டைக் கட்டுவதற்காக கியோர்க் பிராண்டில் எழுதிய ஸ்ஃபிங்க்ஸ் என்ற கருவி 2008-இல் வெளிவந்தது. நிரலும் அதன் விளக்கமும் ஒரே களஞ்சியத்தில், ஒரே மாற்ற வரலாற்றில் கிடக்கும். நிரலில் 1.4 என்று முத்திரை குத்தினால் அந்த நொடியில் இருந்த விளக்கமும் 1.4-தான். 2010-இல் ரீட் த டாக்ஸ் வந்தது. முத்திரை விழுந்ததும் அந்தப் பதிப்பின் பக்கங்களைத் தானே கட்டித் தனி முகவரியில் வைக்கும் சேவை அது. சூரிய ஆய்வாளர்கள் பயன்படுத்தும் சன்பை நிரல்தொகுப்பின் கையேடும் ஸ்ஃபிங்க்ஸில் கட்டியதுதான். பைத்தான் கையேட்டைப் புரட்டினால், ஒரு வசதிக்குக் கீழே இது எந்தப் பதிப்பில் வந்தது, எந்தப் பதிப்பில் மாறியது, எதிலிருந்து கைவிடப்படுகிறது என்று சிறிய வரிகள் இருக்கும். அந்த மூன்று வரிகளை எழுதத் தெரிந்தவரே நல்ல கையேட்டுக்காரர் என்பது என் கருத்து.

இப்படி ஒரு தளத்தை எழுப்புவது ஒரு நாள் வேலை. பராமரிப்பதுதான் வேலை. தேடுபொறி பெரும்பாலும் பழைய பக்கத்தையே முதலில் காட்டும், ஏனென்றால் அதற்குத்தான் இணைப்புகள் அதிகம். ஆகவே ஒவ்வொரு பழைய பக்கத்தின் தலையிலும், நீங்கள் பார்ப்பது முந்தைய பதிப்பு, நடப்புப் பதிப்பு இங்கே, என்று ஒரு பட்டை வேண்டும். அந்தப் பட்டையை அழுத்தினால் தளத்தின் முகப்பில் கொண்டுபோய் விடக் கூடாது, அதே பக்கத்தின் புதிய வடிவத்துக்குப் போக வேண்டும். பக்கத்தின் பெயரை மாற்றினால் பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்குத் திருப்பிவிட வேண்டும். ஒரு மாணவியின் ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் இருக்கும் முகவரி பத்தாண்டு கழித்தும் திறக்க வேண்டும். தமிழ்ப் பக்கங்களுக்கு இன்னொரு கவலை. ஆங்கில மூலத்தில் ஒரு வாக்கியம் மாறிவிட்டால் அதன் தமிழாக்கம் ஐயத்துக்குரியது என்று கருவி குறித்துவிடும். நான் பார்த்து ஒப்புதல் தரும் வரை அந்த இடத்தில் ஆங்கிலம்தான் தோன்றும். பக்கம் பாதி தமிழாக, பாதி ஆங்கிலமாகத் தெரிவது அழகில்லைதான். பழைய பதிப்புக்குப் பொருந்திய தமிழை வைத்துப் புதிய பதிப்பில் ஒருவர் கணக்குப் போட்டுத் தவறுவதற்கு அது எவ்வளவோ மேல்.

பழைய முகவரி திறக்க வேண்டும் என்பதில் எனக்கு முன்னோடிகள் இதே மலையில் இருந்திருக்கிறார்கள். தாவரவியலாளர் பி. எஃப். ஃபைசன் 1915 முதல் வெளியிட்ட நீலகிரி, பழனி மலையுச்சித் தாவர நூலை 1932-இல் திருத்தி, வேறு தலைப்பில் தென்னிந்திய மலைவாசத் தலங்களின் தாவர நூலாகக் கொண்டுவந்தார். திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினாட் உலர்தாவரகம் நடத்திய கே. எம். மேத்யூ அடிகளார் 1999-இல் பழனி மலைத் தாவரங்களுக்கென்றே மூன்று பெரிய தொகுதிகள் தந்தார். தாவரவியலில் பேரினம் மாறினால் பெயர் மாறும். நம் குறிஞ்சியையே பாருங்கள். 1832-இல் அது ஃப்ளெபோஃபில்லம் குந்தியானம். பிறகு ஸ்ட்ரோபிலாந்தஸ் ஆனது. 1944-இல் தாவரவியலாளர் ப்ரெமெகாம்ப் பழைய பெயருக்கே கொண்டுபோனார். பின்வந்தவர்கள் மறுபடி ஸ்ட்ரோபிலாந்தஸ் என்றார்கள். ஒவ்வொரு முறையும் முந்தைய பெயரை மாற்றுப்பெயர் வரிசையில் போட்டு வைப்பது தாவரவியலாரின் சட்டம். அதனால் எந்த ஆண்டு நூலைத் திறந்தாலும் கோக்கர்ஸ் வாக் சரிவில் நீலமாகப் பூக்கும் அதே செடிக்கு வந்து சேரலாம். மென்பொருள்காரர்கள் திருப்பிவிடுதலைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே அவர்கள் அதைச் செய்து முடித்திருந்தார்கள்.

வானியலாருக்கும் ஒரு சட்டம் உண்டு. படங்களைச் சேமிக்க அவர்கள் பயன்படுத்தும் ஃபிட்ஸ் கோப்பு வடிவம் 1981-இல் வெளியானது. 2016-இல் அதன் பதிப்பு 4.0 ஏற்கப்பட்டது. இடையில் எத்தனையோ சேர்க்கைகள். ஆனால் முன்பு முறையாக எழுதிய எந்தக் கோப்பையும் பின்வரும் எந்த மாற்றமும் செல்லாததாக்கக் கூடாது என்று ஆரம்பத்திலேயே உறுதி எடுத்துக்கொண்டார்கள், அதைக் காப்பாற்றியும் வருகிறார்கள். கோப்பின் தலைப்பகுதியில் எந்தத் தேதி, எந்தத் தொலைநோக்கி, எந்த அலைநீளம் என்று மனிதரும் படிக்கும்படி எழுத இடம் இருக்கிறது. அதில் எண்ணாக்கப் பதிப்பையும் எழுதி வையுங்கள் என்று சந்திக்கிற இளம் ஆய்வாளர்களிடமெல்லாம் கெஞ்சிக் கேட்கிறேன்.

கோடைக்கானலில் கருவிகளும் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. வெள்ளொளிக்கு 1918-இலிருந்து 15 சென்டிமீட்டர் லென்ஸ். 1970-களின் நடுவில் கண்ணாடித் தட்டு போய் ஃபிலிம் வந்தது. கால்சியம் தட்டுத் தொடர் 2007-இல் நின்றது. 2008-இல் இரட்டைத் தொலைநோக்கி வேலைக்கு வந்தது. அது பிளவு வழியே கீற்றுக் கீற்றாகப் படம் கட்டுவதில்லை, வடிகட்டி வழியே முழு வட்டத்தையும் ஒரே நேரத்தில் மின்னணுக் கேமராவில் பிடிக்கிறது. வடிகட்டி விடும் அலைநீளப் பட்டை பழைய பிளவு விட்டதைவிட அகலமானது. அகலம் கூடினால் சூரிய வளிமண்டலத்தின் இன்னும் ஆழமான அடுக்குகளின் ஒளியும் கலந்து வரும், ஒளித்திட்டின் துலக்கம் குறையும். 1904 முதல் இன்று வரை ஒரே கோடாக வரைந்து காட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். அப்படி வரைந்தால் 2007-க்கும் 2008-க்கும் நடுவே சூரியன் மங்கியதுபோல ஒரு பொய்ப் படி விழும். அதனால் எங்கள் கையேட்டில் கால்சியம் படங்களுக்கு இரண்டு தனித்தனிப் பக்கங்கள் இருக்கின்றன. இரண்டையும் இணைக்கும் செயல்கூறை அழைத்தால், எந்த ஆண்டு, எந்தக் கருவி, எந்த எண்ணாக்கம், எந்தக் கடிகாரம் என்ற நான்கையும் வெளியீட்டோடு சேர்த்து அச்சிட்டுத்தான் அது விடையைத் தரும். அடுத்த வெளியீட்டில் அந்த அச்சை நிறுத்திவைக்க ஒரு வழி வேண்டும் என்று பயனர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். நான் அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை.